இழுப்பவர் உயிரும் உயிர்தான்

தம்பி தங்கைகளே, போன வகுப்பில் ஒருவர் கேட்டார்: "அண்ணே, போதைப் பழக்கம் உள்ளவனுக்கு உதவி செஞ்சா, அவனை இன்னும் கெடுக்கிற மாதிரி ஆயிடாதா?"

நம் நாட்டில் 2005இல் மெத்தடோன் சிகிச்சையும் 2006இல் புது ஊசி தரும் திட்டமும் தொடங்கின. ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கவே அவை வந்தன. இன்று நகரங்களில் பலர் இழுப்பதோ சியாபு. அதை இழுக்க ஊசி தேவையில்லை. மெத்தடோனும் ஹெராயின் வகைக்குத்தான் உதவும். அப்போ இவங்களுக்கு என்ன செய்வது?

1. சூடான கண்ணாடிக் குழாயால் உதடு வெந்து வெடிக்கும். அதே குழாயை இன்னொருவர் வாயில் வைத்தால் ஹெப்படைட்டிஸ் சி தொற்றக்கூடும். குழாயைப் பகிர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2. சியாபு பசியையும் தூக்கத்தையும் விரட்டும், உடம்பைச் சூடாக்கும். தண்ணீர், சாப்பாடு, ஓய்வு கொடுங்கள்.

3. நெஞ்சு வலி, வலிப்பு, மயக்கம் வந்தால் உடனே 999. பயந்து தயங்காதீங்க.

அந்தத் தம்பிக்கு என் பதில்: பழக்கத்தை விடணும்னு தோணுற நாள்ல ஆள் உயிரோட இருக்கணும். அன்னைக்கு அவர் நம்பிப் பேச ஒருத்தரும் வேணும்.

சிந்திக்க: உங்க தாமான்ல அப்படி ஒருவரைப் பார்த்தா, முதல்ல என்ன பேசுவீங்க?