கீல் ஆணி ஏன் நழுவுகிறது?

கேள்வி: ஐயா, கடற்கரைச் சவாரிக்கு இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். அவற்றை ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் ஏறுபலகையில் இடப்பக்கத்துக் கீல் ஆணி அரை அங்குலம் வெளியே வந்து நிற்கிறது. சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளினாலும், பினாங்குப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மறுபடி வந்துவிடுகிறது. ஒரேயடியாக வெல்டிங் வைத்துவிடலாமா?
– வாசகர், ஜோர்ஜ்டவுன்

பதில்: வெல்டிங் வேண்டாம் ஐயா. ஆணி தானாக வெளியே வராது. ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஆணியைப் பற்றவைத்தால், அடுத்து பிய்வது கீலாகத்தான் இருக்கும்.

குதிரைகளை இறக்கிவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பலகையைத் திறந்து, அதன் பாரம் கீலில் விழாதபடி அடியில் முட்டுக் கொடுங்கள். ஸ்பிரிங் வைத்த பலகையா? அப்படியானால் இங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். இழுவிசையில் இருக்கும் ஸ்பிரிங் ஆணியை உருவியதும் தெறிக்கும். கை எலும்பு தாங்காது.

ஸ்பிரிங் இல்லையென்றால் துரு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, ஆணியைத் தட்டி எடுங்கள். அதைத் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். கீல் குழாய்க்குள் உரசிய இடம் மட்டும் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். பிறகு குழாயின் வாயைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் ஆணியை மாற்றினால் போதும். முட்டை வடிவத்தில் அகன்றிருந்தால் எந்தப் புது ஆணியும் அதில் நிற்காது. குழாயைக் கடைந்து அடுத்த அளவு ஆணி போட வேண்டும், அல்லது உள்ளே புஷ் இறக்க வேண்டும். லேத் பட்டறைக்கு இது சின்ன வேலை.

பலரும் பார்க்காமல் விடுவது கீல்களின் வரிசையை. இடப்பக்கக் கீலிலிருந்து வலப்பக்கக் கீல்வரை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். எல்லாக் குழாய்களும் அந்த நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒன்று விலகியிருந்தாலும், பலகை திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படும். கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை பலகையின் ஒரே ஓரத்தில் மிதித்து ஏறிப் பழகினால் கீல் வளையத்தான் செய்யும். கீலைப் பிடித்திருக்கும் தரைப்பலகையையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். குதிரை மூத்திரமும் கழுவிய நீரும் தேங்குவது அங்கேதான். முனை மெத்தென்று இறங்கினால் கோளாறு ஆணியில் இல்லை, மரத்தில்.

அவசரத்துக்கு நீளமான போல்ட் ஒன்றைச் செருகிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். முழுக்க மரையுள்ள போல்ட் குழாயை அரம்போல் அறுத்துவிடும். வழவழப்பான உருண்டைக் கம்பியைக் குழாய்க்குச் சரியான அளவில் வெட்டி, இரு முனையிலும் வாஷர் போட்டு, துளையிட்டு ஸ்பிளிட் பின் மாட்டுங்கள். கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். சுற்றிலும் கடல் உள்ள தீவு இது. 1985-இல் திறந்த பாலமே 13.5 கிலோமீட்டர், அதில் போகும்போதெல்லாம் உப்புக்காற்றுதான். மாதம் ஒருமுறை கிரீஸ் வையுங்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. ஆணி நழுவி, குதிரையின் பின்கால் மிதித்த நேரத்தில் பலகை ஒரு பக்கம் இறங்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். குதிரைக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அதன் பிறகு பல வாரம் அது பலகையைக் கண்டாலே பின்வாங்கியது, உடம்பெல்லாம் வியர்த்தது. ஆணி மாற்ற அரை நாள் போதும். குதிரையின் பயத்தை மாற்ற அது போதாது.

வேலை முடிந்ததும் ஆணி முனையிலிருந்து கீல் குழாய்வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். வெறும் டிரெய்லரை ஒருமுறை பாலம் தாண்டி ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகாமல் இருந்தால் மட்டும் குதிரையை ஏற்றுங்கள்.