பெயரில்லாச் செயற்கூறும் திரும்பும் கட்டளையும்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ளது காரக்கோணம். அங்கே சுகாதார ஊழியர் ஒருவரிடம் மேற்பார்வையாளர் 40 வீடுகளின் பட்டியலையும் ஒரு துண்டுச் சீட்டையும் தருகிறார் எனக் கொள்க. "வீடு பூட்டியிருந்தால் திரும்புக, இல்லையேல் காய்ச்சல் கண்டவரைக் குறித்துக்கொள்க" என்பது சீட்டின் வாசகம். 7-ஆவது வீடு பூட்டிக் கிடக்கிறது. ஊழியர் அவ்வாசலிலிருந்து மட்டும் திரும்பி அடுத்த வீட்டுக்குச் செல்வதா, அன்றி அலுவலகத்துக்கே திரும்பிவிடுவதா? மனிதர் குறிப்பறிந்து நடப்பார். கணிப்பொறியோ, மொழியை வகுத்தவர் விதித்தபடியே நடக்கும்.

இச்சீட்டுக்கு ஒப்பானதே பெயரில்லாச் செயற்கூறு. பெயரிட்டுத் தனியே வைக்காமல், வேண்டிய இடத்திலேயே எழுதி மற்றொரு செயற்கூறிடம் ஒப்படைக்கப்படும் கட்டளைத் தொகுதி அது. லாம்டா என்றும் வழங்கும். அதனுள் வரும் 'ரிட்டர்ன்' எங்கே திரும்பும் என்பதில் மொழிகள் ஒருமித்திருக்கவில்லை.

ஜாவாஸ்கிரிப்டில் 'ஃபார்ஈச்' என்பதற்குத் தரப்படும் செயற்கூறில் ரிட்டர்ன் வந்தால் அந்த ஒரு வீட்டின் வேலை மட்டுமே முடியும். ஆண்ட்ராய்டு செயலிகளுக்கென 2017-ல் கூகுள் ஏற்றுக்கொண்ட கோட்லின் மொழியிலோ, அதே வரியை ஃபார்ஈச்சின் லாம்டாவில் எழுதினால், சூழ்ந்துள்ள செயற்கூறு முழுவதுமே முடிந்துவிடும். அது விடை எதையும் தராத வகையினதாயின் தொகுப்பியும் ஆட்சேபிக்காது. 33 வீடுகள் பார்க்கப்படாமலே கணக்கு முடியும். அங்கெல்லாம் காய்ச்சல் இல்லை என்றே அறிக்கையைப் படிப்பவர் கருதுவார். பிழைச் செய்தி எதுவும் எழாது என்பதே இதிலுள்ள பெருங்கேடு. பூட்டிய வீட்டை மட்டும் விடவேண்டின், ரிட்டர்னோடு ஃபார்ஈச் என்னும் அடையாளத்தையும் சேர்த்தெழுதுதல் வேண்டும்.

எனினும் கோட்லினின் விதி காரணமற்றதன்று. ஸ்மால்டாக்-80 மொழியில் நிபந்தனைகளும் சுழற்சிகளுமே இத்தகைய தொகுதிகளைக் கொண்டு எழுதப்படுகின்றன. தொகுதியை மட்டும் விட்டு வெளிவரும் திரும்புதலால் அங்கே பயன் சிறிதே. ஆகவே அம்மொழியின் திரும்பும் குறி, சூழ்ந்துள்ள செயல்முறையையே முடிக்கிறது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஊழியர் சீட்டை மறுநாள்தான் பிரித்துப் பார்க்கிறார். மேற்பார்வையாளரோ முந்தின மாலையே அலுவலகத்தைப் பூட்டிச் சென்றுவிட்டார். இனி எங்கே திரும்புவது? செயற்கூறு முடிந்தபின் அதன் லாம்டா இயங்கும்போது நேர்வது இதுவே. ரூபி மொழியின் 'ப்ராக்' இந்நிலையில் பிழையென அறிவித்து நின்றுவிடும். கோட்லின், அழைக்கும் இடத்திலேயே விரித்தெழுதப்படும் செயற்கூறுகளுக்குத் தரும் லாம்டாவில் மட்டும் இதனை அனுமதித்து, ஏனையவற்றைத் தொகுக்கும்போதே மறுக்கிறது. 2014-ல் வெளிவந்த ஜாவா 8-இல் லாம்டாவின் ரிட்டர்ன் லாம்டாவோடு நின்றுவிடும். பைத்தானின் லாம்டா ஒரே கோவையாதலின் அதில் ரிட்டர்னுக்கே இடமில்லை.

வகுப்பில் இதனை விளக்கும் ஆசிரியர் மூன்று எண்கள் கொண்ட பட்டியலை எடுத்து, நடு எண்ணுக்கு மட்டும் அச்சிடுமுன் ரிட்டர்ன் வருமாறு இரு மொழிகளிலும் எழுதி இயக்கிக் காட்டலாம். ஜாவாஸ்கிரிப்டில் முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் அச்சாகும். கோட்லினில் முதல் எண் மட்டுமே அச்சாகும்.