ஜோஷுவா ட்ரீல ரெண்டு ராத்திரி: கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படி

மார்ச் லீவுக்குப் பிள்ளைங்களோட ஜோஷுவா ட்ரீ நேஷனல் பார்க்ல டென்ட் போடப் போறோம்னு நீ சொன்னதுல இருந்து எனக்குத் தண்ணி நினைப்புதான். ஜம்போ ராக்ஸ்ல இடம் கிடைச்சிருக்குன்னே. அருமையான இடம், வீடு உசரத்துப் பாறைங்களுக்கு நடுவுல படுத்துத் தூங்கலாம். ஆனா அங்க குழாய் கிடையாது. கேம்ப் போடுற இடங்கள்ல பிளாக் ராக், காட்டன்வுட் ரெண்டுலதான் தண்ணி வரும். கேட்டைத் தாண்டிட்டா கடை இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை, முக்கால்வாசி இடத்துல போன் சிக்னலும் இல்லை. மேப்பை வீட்டுலயே டவுன்லோட் பண்ணிக்கோ, டேங்கை வெளியிலயே நிரப்பிக்கோ.

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது ஒரு காலன், கிட்டத்தட்ட 4 லிட்டர். ரெண்டு ராத்திரின்னா மூணு பகல், நாலு பேருக்கு 48 லிட்டர் ஆச்சு. சமையல், கை கழுவுறதுன்னு சேர்த்து 60 லிட்டரா வெச்சுக்கோ. ஒரே பெரிய கேன்ல ஊத்தாதே, ஒண்ணு ஒழுகினா மொத்தமும் போயிடும். அங்க காத்து அவ்வளவு வறட்சி, வேர்க்கிறதே தெரியாம காஞ்சிடும். பிள்ளைங்க தாகம்னு கேட்கிற வரைக்கும் காத்திருக்காதே. அரை மணிக்கு ஒரு தடவை நீயே பாட்டிலை நீட்டு.

பாலைவனம்னதும் எல்லாரும் வெயிலுக்குத்தான் தயாராவாங்க. என்னைக் கலங்க வெச்சது குளிர். நாங்க போனது டிசம்பர் கடைசி. கம்பளி, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் இருந்துச்சு, ஆனா கீழே விரிச்சது ஒரு ஜமக்காளம் மட்டும். ராத்திரி ரெண்டு மணிக்குச் சின்னவன் பல்லு கடகடன்னு அடிச்சுக்கிற சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன். தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிடுது. மேலே எத்தனை போர்வை போட்டாலும் கீழே கனமான ஃபோம் மேட் இல்லைன்னா புண்ணியமில்லை. உங்க அத்தானும் நானும் அவனை நடுவுல போட்டுக்கிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். ஜம்போ ராக்ஸ் 4,400 அடி உசரம், மார்ச்லயும் ராத்திரி நடுக்கும். படுக்கப் போகும்போது எல்லாருக்கும் சாக்ஸ் மாத்திவிடு, பகல்ல போட்ட சாக்ஸ்ல வேர்வை ஈரம் இருக்கும். பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, மூடியை இறுக்கி, துணியில சுத்தி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கால் பக்கமா வை.

காலையில அடுத்த சோதனை. கேன் திருகுல தண்ணி உறைஞ்சு வரவே இல்லை, அடுப்பும் பத்தலை. நம்ம வீடுகள்ல இருக்கிற சின்ன கேன் அடுப்புல பியூட்டேன் கேஸ். பனி உறையுற குளிர்ல அது ஆவியாகாது. புரொப்பேன்ல எரியுற கேம்ப் ஸ்டவ் எடுத்துக்கோ. படுக்கும் முன்னாடியே டீக்குத் தண்ணியைப் பாத்திரத்துல ஊத்தி மூடி வெச்சிடு. மேலே பனிக்கட்டி ஆனாலும் அப்படியே அடுப்புல ஏத்திடலாம்.

சாப்பாட்டுக்கு ரொம்ப மெனக்கெடாதே. முதல் நாளுக்கு நல்லெண்ணெய் தடவின பொடி இட்லி, புளியோதரை. மிச்சத்துக்குப் பாத்திரம் கழுவாம முடியுற மாதிரி எதுவும். சாப்பிட்டதும் எல்லாத்தையும் காருக்குள்ள வெச்சுப் பூட்டிடு, அண்டங்காக்காவும் கோயோட்டியும் நோட்டம் பார்த்துக்கிட்டே இருக்கும். உள்ளே சுள்ளி பொறுக்கக் கூடாது, விறகு வாங்கிக்கிட்டுத்தான் போகணும். ஜோஷுவா மரத்துல கொடி கட்டுறதோ தூளி கட்டுறதோ வேண்டவே வேண்டாம். சாயங்காலம் காத்து வேகமா அடிக்கும், முளை அடிச்சதோட நிக்காம டென்ட் மூலைக்கு ஒரு தண்ணி கேன் வை.

ஒரு சீப்பு மறக்காதே, அகலப் பல்லு வெச்சது. சோயா (cholla) கள்ளிச்செடி பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும், பிள்ளைங்களுக்குத் தொடத் தோணும். லேசா உரசினாலே ஒரு கணு அப்படியே பிஞ்சு ஒட்டிக்கும். முள்ளுல கொக்கி மாதிரி இருக்கு, கையால இழுத்தா அந்தக் கையிலயும் ஏறும். சீப்பைத் தோலுக்கும் கணுவுக்கும் நடுவுல விட்டு வெளிப்பக்கமா நெம்பி எடு. மிச்ச முள்ளுக்கு ட்வீசர்ஸ். பிள்ளைங்களுக்கு மூடின ஷூதான், செருப்பு வேண்டாம்.

முடிஞ்சா காலண்டர்ல அமாவாசை பார்த்துத் தேதியை மாத்திக்கோ. 2017ல இருந்து ஜோஷுவா ட்ரீ சர்வதேச இருள்வானப் பூங்கா. டார்ச் மேல சிவப்பு செலோஃபேன் ஒட்டிடு, கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துடும். எங்க பெரியவ பால்வீதியைப் பார்த்துட்டு, மேகம் ஏன் நகரவே இல்லைன்னு கேட்டா.

கிளம்புற அன்னிக்குக் காரை எடுக்கும் முன்னாடி குனிஞ்சு டயருக்கு அடியில பாரு. வசந்த காலத்துல பாலைவன ஆமைங்க வெளியே வரும், நிழல் தேடிக் காருக்கு அடியில படுத்திருக்கும். கையால தூக்கிடாதே. பயந்தா அது சிறுநீரை விட்டுடும். மாசக்கணக்குக்கு அது சேர்த்து வெச்ச தண்ணி அதுதான். அதுவா நகர்ற வரைக்கும் பிள்ளைங்களோட தள்ளி உட்கார்ந்திரு.