யூரியா மூட்டையும் டெம்பர்டு கிளாஸும்

மேட்டூர், மேச்சேரி, ஓமலூர் பக்கம் செல்போன் கடைகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி இது: "மேனேஜர் தினமும் அட்டாச் ரேட், அட்டாச் ரேட்னு உயிரை எடுக்கிறாருங்க. நிஜமாவே அப்படி ஒரு கணக்கு இருக்குதுங்களா, இல்லை நம்மளை விரட்டறதுக்கு அவங்களா கட்டிவிட்டதா?" கடை வியாபாரத்திலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. இருக்கிறது கண்ணு. முதல் பொருளோடு சேர்ந்து துணைப்பொருள் எவ்வளவு போனது என்ற கணக்குதான் அது. 40 போன் விற்று, அதில் 30 பேர் கிளாஸ் ஒட்டிக்கொண்டால் 75 சதவீதம். கேம் கன்சோல் விற்கும் பெரிய கம்பெனிகள் ஒரு கன்சோலுக்கு எத்தனை கேம் போகிறது என்று பார்ப்பதும் இதுதான். போனில் கடைக்கு நிற்கும் லாபம் சொற்பம். கவரும் கிளாஸும்தான் வாடகையைக் கட்டுகின்றன. மேனேஜரின் அவசரம் அங்கிருந்து வருகிறது.

2. எதை எண்ணுகிறார்கள் என்று சேர்ந்த அன்றே கேட்டுக்கொள். 10 போன் விற்கிறது. 4 பேர் மட்டும் ஆளுக்கு 3 பொருள் வாங்குகிறார்கள். பொருளை எண்ணினால் 120 சதவீதம், பில்லை எண்ணினால் 40. மீதி 6 பேரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது முதல் கணக்கில் மறைந்துபோகும். நான் பில்லைத்தான் நம்புவேன்.

3. வந்தவர் என்ன வேலை செய்கிறார் என்று பேச்சோடு பேச்சாகக் கேள். நீர்த்தேக்கத்தில் பரிசலில் போய் வலை போடுபவருக்கு முதலில் வேண்டியது கழுத்தில் மாட்டும் வாட்டர்ப்ரூஃப் பவுச்; கிளாஸ் அப்புறம். அனல்மின் நிலையத்தில் சாம்பல் தூசியில் நிற்பவருக்கு சார்ஜர் ஓட்டையை மூடும் கவர். 2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது பெட்டியில் சார்ஜரை எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட போனை சார்ஜரைப் பற்றிச் சொல்லாமல் விற்றனுப்பினால், வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்துவிட்டு உன்னைத்தான் திட்டுவார். கிளாஸ் ஒட்டும்போது ஃபேன் காற்று படாத இடத்தில் உட்கார். திரையைத் துடைத்து, தூசி ஸ்டிக்கரால் ஓரம் வரை ஒற்றி எடு. ஸ்பீக்கர் பக்கத்தைச் சரிபார்த்துவிட்டு மெல்ல விடு. ஓரம் வளைந்த திரைக்கு சாதா கிளாஸ் நிற்காது. இரண்டு நாளில் பெயர்ந்துவிடும் என்று தெரிந்தே விற்காதே.

4. தலையில் கட்டாதே. வீட்டில் விவசாயம் இருந்தால் உன் அப்பாவைக் கேள், உரக்கடையில் நடப்பதைச் சொல்வார். ஆகஸ்டில் மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கால்வாயில் தண்ணீர் விட்டு, சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கரில் பாசனம் தொடங்கும் நேரம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, அரசு மானிய விலை. "இணை உரம் ஒரு பாட்டில் எடுத்தால்தான் யூரியா" என்று சில கடைகளில் சொல்வார்கள். பயிர் காத்திருக்காது, வேறு வழியில்லாமல் விவசாயி வாங்குவார். இப்படிக் கட்டாயப்படுத்தினால் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமமே போகலாம். வேளாண்மைத் துறை திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. அந்தக் கடையின் அட்டாச் ரேட்டைப் பார்த்தால் நூற்றுக்கு நூறு இருக்கும்! அந்த பாட்டில் மூடிகூடத் திறக்காமல் மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடக்கும். பைக் ஷோரூமில் வேலைக்குப் போகிறவர்களும் கேளுங்கள்: 2018 செப்டம்பர் முதல் புது டூ வீலருக்கு 5 வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குகிறவர் இஷ்டம். அதை மறைக்காதீர்கள்.

5. துணைப்பொருள் ஒவ்வொன்றையும் பில்லில் தனி வரியாகப் போடு, விலையை வாய்விட்டுச் சொல்.

6. திரும்பி வந்ததை உன் கணக்கில் நீயே கழித்துக்கொள், மேனேஜர் கழிக்காவிட்டாலும். எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்கும் முன் எதெல்லாம் சேராது என்ற பக்கத்தைப் படித்து வை. தண்ணீரில் விழுந்தால் சேராது என்று இருந்தால், பரிசல்காரரிடம் பணம் வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிடு.