சூடா, சார்ஜரா? சிப்பிடமே கேட்போம்

லேப்டாப் ஸ்லோ ஆனா நாம உடனே சொல்றது, "ஹீட்டிங் மச்சி". அது நிஜமான்னு ப்ராசஸர்கிட்டயே கேட்கலாம். இன்டெல் சிப்புக்குள்ளே எம்எஸ்ஆர் என்ற ரிஜிஸ்டர்கள் இருக்கின்றன. லேபில் பார்த்த 8085 அக்யூமுலேட்டர் மாதிரி கணக்குப் போடுறதுக்கு இல்லை. பல எம்எஸ்ஆர்கள் சிப்பின் உடல்நிலையைச் சொல்பவை.

லினக்ஸில் எம்எஸ்ஆர்-டூல்ஸ் பேக்கேஜைப் போட்டு, 'சுடோ மோட்ப்ரோப் எம்எஸ்ஆர்' கொடுங்க. (விர்ச்சுவல் மெஷின் வேண்டாம், நிஜ ஹார்டுவேர் தெரியாது. பென் டிரைவ்ல உபுண்டு பூட் பண்ணினாலே போதும்.) அடுத்து:

சுடோ ஆர்டிஎம்எஸ்ஆர் -பி 0 -எஃப் 22:16 -யு 412

அதாவது 0-ஆவது கோரில், 412-ஆவது ரிஜிஸ்டரின் 22 முதல் 16 வரையுள்ள பிட்கள், டெசிமலில். வரும் எண் வெப்பநிலை இல்லை, கவனம்! உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்பதுதான் அது. வரம்பு 418-இல், 23:16 பிட்களில் இருக்கும். வரம்பு 100, மிச்சம் 52 என்றால் சூடு 48 டிகிரி.

இது மாமல்லபுரத்து கிளாஸ்மேட் ஒருத்தனோட லேப்டாப்பில் வந்த கணக்கு. ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு நாலு நாள். மெஷின் 400 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவே மாட்டேங்குது. அவன் வீட்டை ஒட்டியே சிற்பப் பட்டறை, அதனால கிரானைட் தூசி ஃபேனை அடைச்சிருக்கும்னு பேச்சு. ஒரு கடையில் மதர்போர்டே மாத்தணும், 14,000 ரூபாய் ஆகும்னுட்டாங்க.

ஆனா 48 டிகிரி சூடே இல்லையே. 412-இல் பிட் 0 (கோர் சூடாகிவிட்டது) 0. பிட் 2 மட்டும் 1! ப்ரோக்ஹாட் என்ற சிக்னல் லைனை சிப்புக்கு வெளியே வேறொரு பாகம் இழுக்கிறது, "வேகத்தைக் குறை" என்கிறது என்று அர்த்தம். லேப்டாப்பில் முதல் சந்தேகம் சார்ஜர், பேட்டரி மேலதான். சார்ஜரைக் கழற்றினோம்: பிட் 2 பூஜ்ஜியம், வேகம் திரும்பிடுச்சு. சார்ஜர் எத்தனை வாட் என்று சொல்லும் நடு பின் வளைந்திருந்தது. அதே மாடல் சார்ஜரைக் கடன் வாங்கி ரிவியூ முடிஞ்சது.

விட்டுவிட்டு வரும் கோளாறுன்னா பிட் 3-ஐப் பாருங்க. சிக்னல் போன பிறகும், ரீசெட் ஆகும் வரை அல்லது சாஃப்ட்வேர் அதை அழிக்கும் வரை அது 1-ஆகவே நிற்கும்.

டபிள்யூஆர்எம்எஸ்ஆர் வைத்து அந்த லைனையே அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கு. செய்யாதீங்க, நாளைக்கு நிஜமாவே ஒரு பாகம் சூடாகிக் கத்தினாலும் சிப் கேட்காது.

இந்த எண்கள் ஏஎம்டிக்குப் பொருந்தாது. ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸருக்கும்தான்: அது ரிஸ்க்-ஃபைவ், அங்கே இந்த வேலையைச் செய்யும் ரிஜிஸ்டர்களுக்கு சிஎஸ்ஆர் என்று பெயர்.