கட்டி என்றால் எவ்வளவு?

பாசிர் கூடாங் வட்டாரத்துச் சந்தை ஒன்றில் மூதாட்டி ஒருவர் மீன்கடைக்காரரிடம், "ஒரு கட்டி போடுங்கள்" என்கிறார். அருகில் நிற்கும் பேத்தி, "கட்டி என்றால் எவ்வளவு, பாட்டி?" என்று வினவுகிறாள். "முக்கால் கிலோ இருக்கும்" என்கிறார் பாட்டி. "இல்லை, அரைக் கிலோ" என்கிறார் கடைக்காரர். விலை மட்டும் யாருக்கும் ஐயமின்றித் தெரிந்திருக்கிறது!

நம் நாட்டில் வழங்கிய கட்டி ஏறத்தாழ 605 கிராம் ஆகும். 16 தாகில் கொண்டது ஒரு கட்டி; 100 கட்டி கொண்டது ஒரு பிக்குல், அதாவது ஏறத்தாழ 60.5 கிலோகிராம். ஒருவர் தோளில் தூக்கக்கூடிய சுமை என்பதே பிக்குல் என்ற மலாய்ச் சொல்லின் பொருள். அக்காலத்து இரப்பரும் இக்கணக்கிலேயே விலைபோயிற்று. கடைக்காரர் சொன்ன அரைக் கிலோவும் அடியோடு பொய்யன்று. சீன நாட்டில் இதே அளவை இன்று 500 கிராம். தைவானில் 600 கிராம். பெயர் ஒன்று, எடை மூன்று.

இதனை அயலார் குழப்பம் என்று நாம் நகைக்க இயலாது. நம் முன்னோர் கொண்டுவந்த அளவைகளும் இத்தகையனவே. சென்னை மாகாணத்தில் 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. அம்மணங்கு 25 இராத்தல். வங்காளத்து மணங்கோ 82 இராத்தலுக்கும் மேல்! சென்னைக் கணக்கை நம்பி வங்காள வணிகரிடம் விலை பேசியவர் என்ன பாடுபட்டிருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். இராத்தல் என்று நம் தோட்டத்து முதியோர் கூறியது ஆங்கிலேயரின் பவுண்டு, 453.6 கிராம். நகைக்கடையில் நாம் கேட்கும் பவுன் 8 கிராம். ஒலி நெருங்கியிருப்பினும் எடை நெருங்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் இன்னும் வியப்பான செய்தி உண்டு. அங்கு நெல் அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். பொன் நிறுத்த கல்லின் பெயரும் ஆடவல்லானே. இறைவன் திருப்பெயர் இரண்டிற்கும் இடப்பட்டது. ஆயினும் எழுதியோர், இன்ன மரக்காலால் அளந்தது, இன்ன கல்லால் நிறுத்தது என்று தவறாது குறித்துள்ளனர். இரத்தினங்களுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று வேறொரு கல் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே "எந்த அளவையால்?" என்ற வினாவிற்கு விடை எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

முகத்தலளவையில் மற்றுமொரு நுட்பம் உண்டு. படியைத் தலைதட்டி அளப்பது ஒன்று. குவித்து அளப்பது மற்றொன்று. வாங்கும்போது குவித்தும் விற்கும்போது தலைதட்டியும் அளந்தால், படி நேர்மையானதாக இருந்தும் அளவு நேர்மையற்றதாகிவிடும். என் தாயார் அரிசி அளக்கப் பால் டின் ஒன்றை வைத்திருந்தார். அண்டை வீட்டார் கைம்மாற்றாக அரிசி கேட்டால் குவித்துக் கொடுப்பார்; திரும்பப் பெறும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அது அவருடைய அளவை முறை.

மலாய்க்காரர்களின் காந்தாங்கும் இவ்வகையைச் சேர்ந்ததே. கடைகளில் வழங்கிய காந்தாங் ஒரு காலன், அதாவது ஏறத்தாழ 4.5 லிட்டர். நோன்புப் பெருநாளையொட்டி முஸ்லிம்கள் செலுத்தும் ஃபித்ரா கொடைக்குரிய பாக்தாத் காந்தாங்கோ வேறு. அது ஏறத்தாழ 2.7 கிலோ அரிசி.

1977-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாசிர் கூடாங் துறைமுகத்தை நோக்கிப் பாருங்கள். அங்கு அன்றாடம் ஒலிக்கும் டன் என்ற சொல்லும் தப்பவில்லை. மெட்ரிக் டன் 1,000 கிலோ. ஆங்கிலேய டன் 1,016 கிலோ. அமெரிக்க டன் 907 கிலோ. பழைய முறையில் கப்பலின் கொள்ளளவைக் குறித்த டன் எடையே அன்று. அது 100 கன அடி இடம். பெரிய மதுப்பீப்பாயைக் குறித்த சொல்லே டன் ஆயிற்று என்று அறிந்தால், இக்குழப்பம் எங்கே பிறந்தது என்பது விளங்கும்.

இக்காரணங்களால்தான் இந்தியா 1956-இலும் மலேசியா 1972-இலும் நிறை, அளவைச் சட்டங்களை இயற்றி மெட்ரிக் முறைக்கு வந்தன. ஆயினும் நாவில் கட்டி நிற்கிறது. மீன் ஒரு கடையில் கட்டி 12 ரிங்கிட், மறு கடையில் கிலோ 18 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முன்னது மலிவு எனத் தோன்றும். 12-ஐ 0.605-ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோ 19 ரிங்கிட் 83 காசு ஆகிறது.

இனி, நம் கூலியோடு தொடர்புடைய செய்திக்கு வருவோம். கிலோ மாறாது, ஆனால் எதன் கிலோ என்பது மாறும். மரத்திலிருந்து வடியும் பாலில் பெரும்பகுதி நீர். 40 கிலோ பால் கொண்டுவந்தவரின் பாலில் உலர் இரப்பர் 35 விழுக்காடு இருந்தால் அவருக்குரியது 14 கிலோ. 28 விழுக்காடு என்று கணக்கிட்டால் 11.2 கிலோ. வாளி அதே வாளி, தராசு அதே தராசு, குறைந்ததோ 2.8 கிலோ. மழைநீர் கலந்தால் விழுக்காடு இறங்குவது இயல்பு. வெயில் நாளிலும் காரணமின்றி இறங்கினால் கேட்பதற்கு உரிமை உண்டு. மாதிரிப் பாலை உறையவைத்து உலர்த்தி நிறுத்தால் உண்மை வெளிப்படும்.

ஆகவே பால் நிறுக்கும் இடத்தில் எடையை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பாதீர்கள். பாலின் எடை, விழுக்காடு, உலர் எடை ஆகிய மூன்றையும் தேதியிட்டுச் சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மாலையில் அவர்களையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.