கட்டரில் மாட்டிக்கொள்ளும் எழுத்துகள்

கேள்வி: கேக் அலங்காரத்துக்கு ஃபாண்டன்ட்டில் பெயர் வெட்டும்போது எழுத்து கட்டருக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. விலை கூடிய கட்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு கட்டரில் இல்லை, ஃபாண்டன்ட்டின் ஈரத்தில் இருக்கிறது. அதே ஃபாண்டன்ட்டில் பெரிய வட்டம் வெட்டிப் பாருங்கள், சுத்தமாக விழும். எஸ், ஆர் போன்ற ஒல்லி எழுத்துகளுக்கு எடை குறைவு, விளிம்போ அதிகம், அதனால்தான் கொஞ்சம் ஈரம் இருந்தாலே மாட்டுகின்றன. ஃபாண்டன்ட் பெரும்பாலும் சர்க்கரை. மழைநாளில் காற்றின் ஈரத்தை இழுத்து இன்னும் பிசுபிசுக்கும். 250 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் சி.எம்.சி. பவுடர் (ஃபாண்டன்ட்டை இறுக்கும் பொடி) சேர்த்துப் பிசைந்து, கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் தேய்த்து, ஐந்து பத்து நிமிடம் காற்றாட விட்டு வெட்டுங்கள். கட்டரை அழுத்தியபடியே மேசைமீது லேசாக முன்னும் பின்னும் அசைத்து, மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் எழுத்து முழுசாக விழும்.

காயவிட்டால் வெடிக்காதா என்று கேட்கலாம். அதிகம் காய்ந்தால் வெடிக்கும்தான். விரலில் ஒட்டக்கூடாது, வளைத்தால் கீறல் விழக்கூடாது, அதுதான் பதம். சோளமாவு மட்டும் தூவினால் போதாதா? வெள்ளை எழுத்துக்குச் சரி. கறுப்பிலும் சிவப்பிலும் வெளுத்த திட்டு நிற்கும். அவற்றுக்குக் கட்டரின் விளிம்பில் துளி வனஸ்பதி தடவுவதே நல்லது.